ரிசல்ட் வந்தது, பங்கு விழுந்தது: ஆபீசுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கும் என் ஆபீசில் ஃபோன் ஓயாது. ஐ.டி. கம்பெனிகள் காலாண்டுக் கணக்கு வெளியிடும் காலம் அது. கணக்கு நன்றாக வந்தால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். சொதப்பினால் மதியச் சாப்பாடு எனக்கு நாலு மணிக்குத்தான். ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டுவதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஒன்று முதலிலேயே. நான் சப் புரோக்கர், பெரிய புரோக்கர் கம்பெனி சார்பில் இங்கே பங்கு வாங்கி விற்றுக் கொடுக்கிறவன். 2019-லிருந்து எங்களுக்குச் சட்டப்படி 'ஆதரைஸ்டு பர்சன்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை. இன்ன பங்கை வாங்கு, இதை வில் என்று ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எனக்குக் கிடையாது. அதனால் கீழே எங்கேயும் அது இருக்காது.

லாபம் கூடியிருக்குன்னுல்லா பேப்பர்ல போட்டிருக்கான்? பொறவு எதுக்கு அண்ணாச்சி பங்கு விழுது?

ஜூன் மாதம் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்று யோசிக்கிற விவசாயி, போன பிசான அறுவடையில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பாபநாசம் அணையில் 143 அடிக்கு இப்போது எத்தனை அடி நிற்கிறது, மலையில் மழை உண்டா, அதுதான் டீக்கடைப் பேச்சு. லாபக் கணக்கு என்பது அறுத்து முடிந்த பிசானம். கணக்கு வெளிவந்ததும் கம்பெனிப் பெரியவர்கள் ஃபோனில் பேசுகிறார்களே, 'கால்' என்று சொல்கிறோமே, அதில்தான் அணை மட்டம் தெரியும். வரும் ஆண்டுக்கு இவ்வளவு வளர்ச்சி இருக்கும் என்று அவர்கள் சொல்லும் எண்ணுக்குக் கைடன்ஸ் என்று பெயர்.

2023 ஏப்ரல் 13-ம் தேதி மாலை இன்ஃபோசிஸ் கணக்கு வந்தது. காலாண்டு லாபம் 6,128 கோடி ரூபாய்; முந்தைய ஆண்டின் இதே காலாண்டைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதல். முழு ஆண்டு வருமான வளர்ச்சி 15.4 சதவீதம். படித்தால் குறையே தெரியாது. ஆனால் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் வருமானம் 3.2 சதவீதம் இறங்கியிருந்தது. வரும் ஆண்டுக்கு 4 முதல் 7 சதவீதம்தான் என்றார்கள். 15-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 4 எப்படி இருக்கும்?

மறுநாள் சித்திரை விசு. பாபநாசத்தில் தீர்த்தவாரிக் கூட்டம். அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் சந்தைக்கும் விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. விற்க நினைத்தவர்கள் மூன்று நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கச் சந்தையில் அந்தப் பங்கின் ஏ.டி.ஆர்., அதாவது அங்கே கைமாறும் அதன் வடிவம், விழுந்த செய்தி வேறு ஃபோனில் சுற்றியது. 17-ம் தேதி திங்கட்கிழமை முடிவில் இங்கே 9 சதவீதத்துக்கு மேல் இறக்கம்.

இது நம் நாட்டுக் கூத்து மட்டும் என்று நினைக்கவேண்டாம். மெட்டா, அதாவது ஃபேஸ்புக் கம்பெனி, 2021-ன் கடைசிக் காலாண்டில் 1,000 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது. தினமும் ஃபேஸ்புக் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை முதல் தடவையாகக் கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்த காலாண்டுக்குச் சொன்ன வருமான எண்ணும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 2022 பிப்ரவரி 3-ம் தேதி ஒரே நாளில் 26 சதவீதம் போயிற்று.

அந்தக் 'கால்'ல யாரு யார்ட்ட பேசுதாவ? நாமளும் கேக்கலாமா?

முதலில் எம்.டி. கொஞ்சம், நிதி அதிகாரி கொஞ்சம் எழுதி வைத்ததை வாசிப்பார்கள். பிறகு புரோக்கிங் கம்பெனி, மியூச்சுவல் ஃபண்ட் அனலிஸ்டுகள் வரிசையில் நின்று கேள்வி கேட்பார்கள். நாம் கேட்கலாம், காதால். பெரிய கம்பெனிகள் ஒலிப்பதிவை 24 மணி நேரத்துக்குள், அதற்கு முன்பே சந்தை திறந்தால் அதற்குள், தங்கள் தளத்தில் போடவேண்டும். எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளில் வரவேண்டும். செபி விதி.

அமெரிக்கக் கம்பெனி என்றால் நம் நேரத்துக்கு விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு நடக்கும். அதற்காகக் கண் விழிக்காதீர்கள். காலையில் எழுத்தாக வாசித்தால் போதும்.

கேட்டேன். அவுக பேசுத இங்கிலீஷு ஒரு மண்ணும் வெளங்கலையே?

உங்களுக்குப் புரியாதது இங்கிலீஷ் இல்லை சார். நீங்கள் முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அவர்கள் கெட்ட சேதியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அவிழ்த்துச் சொல்கிறேன்.

'ஹெட்விண்ட்' என்பது எதிர்க்காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடி மாதத்தில் சைக்கிள் மிதித்தவருக்கு விளக்கவேண்டியதில்லை. மிதிக்கிறோம், வண்டி நகரவில்லை என்கிறார்கள். 'சாஃப்ட்னெஸ்' என்றால் வியாபாரம் மந்தம். 'டிஸ்க்ரிஷனரி ஸ்பெண்டிங்' குறைந்தது என்றால், வாடிக்கையாளர் அத்தியாவசிய வேலையை மட்டும் கொடுக்கிறார், வீட்டுக்கு வெள்ளையடிப்பதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவிட்டார் என்று பொருள். 'ராம்ப் டவுன்' என்றால் நடந்துகொண்டிருந்த வேலையிலேயே ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நான் இந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். புது வேலை வராதது ஒரு கவலை. இருக்கிற வேலை போவது வேறு.

அடுத்தது 'டீல்'. இத்தனை நூறு கோடி டாலர் டீல் கிடைத்தது என்று மேளம் அடிப்பார்கள். தென்னந்தோப்பை ஐந்து வருஷக் குத்தகைக்கு விட்டு, ஐந்து வருஷப் பணத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லிப் பெருமைப்படுவது போல அது. வருஷத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அதில் பழைய குத்தகையைப் புதுப்பித்தது எவ்வளவு, புதுத் தோப்பு எவ்வளவு என்றும் பாருங்கள். 'நெட் நியூ' என்று தனியாகச் சொல்வார்கள், சொன்னால்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. போன காலாண்டு எழுத்தையும் இந்தக் காலாண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். போன தடவை தாமாகச் சொன்ன ஒரு எண்ணை இந்தத் தடவை அனலிஸ்ட் கேட்டபிறகும் 'அதைத் தனியாகச் சொல்வதில்லை' என்று மழுப்பினால், அந்தப் பக்கத்தை மடித்து வைப்பேன்.

'கான்ஸ்டன்ட் கரன்சி'ன்னு ஒண்ணு சொல்லுதாவளே?

மேலப்பாளையம், காயல்பட்டினம்காரர்கள் இதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறக்கிறார்கள். துபாயில் இருக்கும் தம்பி மாதம் 2,000 திர்ஹாம் அனுப்புகிறான். திர்ஹாம் 20 ரூபாயாக இருந்தபோது வீட்டுக்கு 40,000 வந்தது. 23 ஆனபோது 46,000. தம்பிக்குச் சம்பளம் கூடியதா? கூடவில்லை. ஐ.டி. கம்பெனி டாலர், பவுண்டு, யூரோ என்று பல பணத்தில் சம்பாதிக்கிறது. மாற்று விலை ஆடியதைக் கழித்துவிட்டு, உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டுவதுதான் கான்ஸ்டன்ட் கரன்சி. நம் தினசரிகளில் பெரிய எழுத்தில் வருவது ரூபாய்க் கணக்கு. ரூபாய் சரிந்த காலாண்டில் அது அழகாகவே தெரியும்.

எல்லாக் கம்பெனியும் கைடன்ஸ் சொல்லுமா?

இல்லை. இன்ஃபோசிஸ், எச்.சி.எல். ஆண்டுக்குச் சொல்கின்றன. விப்ரோ அடுத்த காலாண்டுக்கு மட்டும். டி.சி.எஸ். எண்ணாகச் சொல்வதே இல்லை. அவர்கள் பேச்சின் தொனியைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும். அக்டோபர்-டிசம்பர் காலாண்டு பொதுவாகவே மந்தம், கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். அதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

நான் ஸ்டாப் லாஸ் போட்டுத்தானே வச்சிருந்தேன்? அது எங்க போச்சு?

இதற்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஸ்டாப் லாஸ் என்பது, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே கொடுத்து வைக்கும் ஆர்டர். ஓடுகிற சந்தைக்கு அது பிரேக். கணக்கு சந்தை முடிந்தபின் வருகிறது. மறுநாள் காலை 9 மணி முதல் 9.15 வரையான முன்சந்தையிலேயே விலை பள்ளத்தில் நிற்கிறது. 1,390-ல் மூடிய பங்குக்கு 1,350-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறீர்கள்; அது 1,250-ல் திறக்கிறது என்று வையுங்கள். நடுவில் 1,350 என்ற விலையே நடக்கவில்லை. மார்க்கெட் விலைக்கு என்று ஆர்டர் கொடுத்திருந்தால் 1,250 பக்கம் விற்றிருக்கும். 1,345-க்குக் கீழே விற்காதே என்று வரம்பு வைத்திருந்தால் விற்காமல் அப்படியே கிடக்கும். ஆற்றுப் பாலத்தில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது, பாலம்தான் இல்லை.

20 சதவீதத்துக்கு மேல விழ விடமாட்டாம்லா?

அது மற்ற பங்குகளுக்கு. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், அதாவது பின்னால் வரும் விலையை வைத்து இப்போதே போடும் ஒப்பந்தங்கள், நடக்கும் பெரிய பங்குகளுக்கு நிலையான வரம்பு கிடையாது. வரம்பு விரிந்துகொண்டே போகும். 2013 ஏப்ரல் 12-ம் தேதி இன்ஃபோசிஸ் 21 சதவீதம் விழுந்தது.

சின்னக் கம்பெனிகளுக்கு 5, 10, 20 சதவீதம் என்று சர்க்யூட் உண்டு, ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. அது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. லோயர் சர்க்யூட்டில் விற்பவர் வரிசை மட்டும் நிற்கும், வாங்க ஆள் இருக்காது. நீங்கள் உள்ளே, கதவு வெளியே பூட்டு.

விழுந்தது ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லும்.

அதைச் சொல்லத் தெரிந்தால் இந்த மாடியில் ஒற்றை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கமாட்டேன். நடந்ததைச் சொல்லலாம். 2013 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் பங்கை 21 சதவீதம் விழவைத்த கைடன்ஸ் 6 முதல் 10 சதவீதம். ஜூன் 1-ம் தேதி நாராயண மூர்த்தி கம்பெனிக்குத் திரும்பினார். ஜூலைக் கணக்கு வந்த நாளில் அதே பங்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இது ஒரு விதம்.

2023 வேறு விதம். ஏப்ரலில் 4 முதல் 7 என்றவர்கள் ஜூலையில் 1 முதல் 3.5 என்று இறக்கினார்கள். பங்கு மறுநாள் இன்னொரு 8 சதவீதம் போயிற்று. அந்த ஆண்டு முடிவில் கிடைத்த வளர்ச்சி 1.4 சதவீதம். ஆக, ஏப்ரலில் பயந்தவர்களின் பயம் வீண்பயம் இல்லை. ஆனால் பங்கு என்ன செய்தது? 2024 டிசம்பரில் 2,000 ரூபாயைத் தொட்டது. 2025 ஏப்ரலில் மறுபடி 1,500-க்குக் கீழே. கம்பெனி சொன்னது ஒரு பாதையில் போயிற்று, விலை வேறு பாதையில் போயிற்று. இதிலிருந்து விதி கண்டுபிடித்தேன் என்று யாராவது யூடியூபில் சொன்னால் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

சரி, இறங்கின விலையில இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டு ஆவரேஜ் பண்ணிரலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நோட்டைக் கொண்டுவரச் சொல்வேன்.

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நாற்பது பக்க நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, பங்கு, எண்ணிக்கை, வாங்கிய விலை என்று மணிமணியான எழுத்தில் எழுதி வைத்திருப்பார். ஏழு வரிசை. அதில் ஒன்று, மகள் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனி. 'நம்ம பிள்ளைக்குச் சோறு போடுத கம்பெனி' என்று கிராஜுவிட்டிப் பணத்தில் வாங்கியது. அந்தக் கம்பெனியின் கணக்கு சுமாராக வந்து பங்கு விழுந்ததும், ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து இன்னும் வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தார். மற்ற ஆறு வரிசை நன்றாகத்தான் இருந்தது.

நான் அவர் பேனாவையே வாங்கி, எட்டாவது வரிசையில் 'மகள் சம்பளம்' என்று எழுதினேன். கீழே 'மகள் வேரியபிள் பே', கம்பெனி நிலவரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் சம்பளப் பகுதி. அதற்குக் கீழே 'கம்பெனி மகளுக்குக் கொடுத்த பங்கு'. அதற்கும் கீழே 'சென்னை ஃபிளாட் தவணை, அந்தச் சம்பளத்தில்'. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, 'ஒரே வயல்லதான் எல்லா நாத்தையும் நட்டிருக்கேன் போலிருக்கே' என்றார். அந்த வருஷம் மகளுக்கு வேரியபிள் பே பாதிதான் வந்தது. பங்கு விழுந்த அதே காரணம்.

ஆவரேஜ் கணக்கு எளிது: 1,400-ல் 100 பங்கு, 1,260-ல் 100 பங்கு என்றால் சராசரி 1,330. மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் 1,40,000 ரூபாய் மாட்டியிருந்த இடத்தில் இப்போது 2,66,000 போட்டிருக்கிறீர்கள். நம் சீமையில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருக்கிறது. அந்த வீடுகளில் டீமேட் கணக்கே இல்லாவிட்டாலும் ஐ.டி. பங்கு இருக்கிறது என்றுதான் நான் கணக்கு வைப்பேன். மந்தம் வந்தால் பங்கு விலை ஒரே நாளில் காட்டும். வேலை மெதுவாகக் காட்டும். 2023-24-ல் டி.சி.எஸ்.ஸில் ஆட்கள் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994. வேலையும் தவணையும் பங்கும் எல்லாம் ஒரே காற்றில் ஆடினால் எதைப் பிடித்துக்கொள்வது?

பையன் அங்கதான் வேல பாக்கான். 'இந்தக் குவார்ட்டர் பெஞ்சுல நெறைய பேரு உக்காந்திருக்காவப்பா'ன்னான். முன்னாலயே வித்துரலாமா?

அண்ணாச்சி, இதை என்னிடம் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெஞ்சு என்றால் கையில் புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது. கேன்டீனில் எல்லாரும் பேசுகிற பேச்சு வேறு. ஆனால் வெளிவராத கணக்கு விவரம் பையன் கையில் இருந்து, அதை வைத்து நீங்கள் விற்றால், அது இன்சைடர் டிரேடிங். அபராதம் குறைந்தது 10 லட்சம். 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது பெரிதோ அதுவரை போகலாம். நூறு பங்குக்கு இதெல்லாம் தேவையா? வெளிவராத விவரம் கைக்கு வரக்கூடியவர்கள் என்று கம்பெனி வைத்திருக்கும் 'டெசிக்னேட்டட் பர்சன்' பட்டியலில் பையன் இருந்தால், காலாண்டு முடிந்த நாளிலிருந்து கணக்கு வெளிவந்து 48 மணி நேரம் வரை அவனுக்கு வர்த்தக ஜன்னல் மூடியிருக்கும், அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. அவனை நம்பி வாழ்கிற, அல்லது அவனைக் கேட்டுப் பங்கு வாங்குகிற நெருங்கிய உறவினருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பட்டியலில் இருக்கிறானா என்று மட்டும் அவனைக் கேளுங்கள். வேறு எதையும் கேட்காதீர்கள்.

ஜோஹோ பங்கு வாங்கிக் குடுமேன். நம்ம தென்காசிப் பக்கம்லா இருக்கு?

ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மத்தளம்பாறையில் ஆபீஸ் இருக்கிறது, உண்மை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி. காலாண்டுக் 'கால்' கிடையாது, ஏமாற்றமும் கிடையாது, எங்கள் மூலம் வாங்கவும் முடியாது. யாராவது ரகசியமாக வாங்கித் தருகிறேன் என்றால் பணம் அனுப்பாதீர்கள்.

ரிசல்ட் அன்னைக்கு ஆப்ஷன்ல போட்டா ஒரே நாள்ல அள்ளிரலாம்ங்கானே தம்பி?

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கமிஷன் எனக்கு வரும் என்றாலும் சொல்கிறேன், தம்பியை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்தப் பங்கு வியாபாரமெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசுல்லா? தாத்தா காலத்துல யாரு பாத்தா?

தாத்தாவின் அப்பா காலத்திலேயே பார்த்தாயிற்று. 1906-ல் தூத்துக்குடியில் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு முதல் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. இன்றைய 'கால்'களில் 'பிரைசிங் பிரஷர்' என்று ஒரு வார்த்தை வரும், விலையைக் குறைத்தே தீரவேண்டிய நெருக்கடி. அதை அப்போதே பட்டு அறிந்த பங்குதாரர்கள் நம் ஆட்கள். கொழும்புக் கப்பலுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றது. எதிராளி சும்மா கொடுக்கும்போது எதை விற்று லாபம் பார்ப்பது? 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதை நட்டம் என்று கணக்கெழுத எனக்கு மனம் வரவில்லை. அது வேறு பேச்சு.

வித்து நட்டமாயிட்டு. வரியில கழிக்கலாமா?

கழிக்கலாம். ஒரு வருஷத்துக்குள் விற்ற நட்டத்தை எந்த மூலதன லாபத்தோடும் கழிக்கலாம். ஒரு வருஷம் தாண்டியதை நீண்டகால லாபத்தோடு மட்டும். மிச்சத்தை எட்டு வருஷம் வரை கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால். ஆடிட்டரிடம் ஜூலை 30-ம் தேதி போய் நிற்காதீர்கள்.

அடுத்த ரிசல்ட் எப்பன்னு எப்படித் தெரியும்?

காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வெளியிடவேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். போர்டு கூடும் தேதியைப் பங்குச் சந்தைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். வழக்கமாக டி.சி.எஸ்.தான் முதல் ஆள். அந்த வாரம் முழுக்க ஆபீசை எட்டரைக்கே திறந்துவிடுவேன். வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதி.